வேலைக்குப் போக ஒரு வண்டி

எங்கள் தெருவில் இரண்டு கார் வைத்திருந்த வீடு க்ராசிமிருடையது ஒன்றுதான். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. கறுப்புக் காரை அவனே ஜெர்மனிக்குப் போய் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். முற்றத்தில் திராட்சைக் கொடிக்குக் கீழே நிறுத்தினால் பழம் விழுந்து கறை படிகிறது என்று, அவன் அப்பா வைத்த கொடியை வெட்டி எறிந்துவிட்டுத் தகரக் கூரை போட்டான். சனிக்கிழமை ஆனால் வாளியும் துணியுமாக அதைச் சுற்றிச் சுற்றி வருவான். பச்சைக் கார் வேலிக்கு வெளியே, சாலையோரம், அக்ரூட் மரத்தடியில் நிற்கும். அது அவன் மனைவி நெவேனா வேலைக்குப் போய்வர.

நெவேனாவும் நானும் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். ருசே நகரத்துக்கு வெளியே, பெரிய பெரிய கார்களுக்கு இருக்கை உறை தைக்கிற இடம். நாங்கள் தைத்த தோல் உறைகள் லாரி ஏறி எங்கேயோ போகும். அந்த இருக்கைகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. ஊரிலிருந்து எங்களை ஏற்றிப்போக முன்பு தொழிற்சாலை பஸ் வரும். ஆள் குறைந்துவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்று ஒரு வசந்த காலத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மதிய ஷிஃப்டு. என் மைத்துனன் வேன் வைத்திருந்தான், அதில் தொற்றிக்கொண்டேன். காலை ஷிஃப்டுக்காரர்களுக்கு வழியில்லை.

க்ராசிமிருக்கு வேலை ஊர்க்கோடியிலிருக்கும் தானியக் கிடங்கில், எடை மேடையில். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், ஒரு சிகரெட் தீர்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் அவன் காரில்தான் போவான். பஸ் நின்றபோது நெவேனா, கறுப்புக் காரை நான் எடுத்துக்கொண்டு போகிறேனே என்று கேட்டிருக்கிறாள். கேட்பதற்கு அவளுக்கு உரிமையும் இருந்தது. அந்தக் காருக்குப் பாதிக்கு மேல் போனது அவள் சம்பளம்.

"அந்த ரோட்டுல என் காரா?" என்றானாம். "ஒவ்வொரு குழியும் பன்னி குளிக்கிற அளவுக்கு இருக்கு. உனக்குன்னு ஒண்ணு வாங்கித் தரேன், நெனா. உன் பேர்லயே."

உன் பேரிலேயே என்று சொன்னதை அவள் எங்களிடம் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

வந்து சேர்ந்தது அந்தப் பச்சைக் கார். யாரோ பூசணி குவித்து வைக்கிற கொட்டகையில் பல வருஷம் நின்றிருந்தது. எலி நாற்றம் கடைசிவரை போகவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறக்காது. நெவேனா மறுபக்கம் ஏறி, கியரைத் தாண்டி, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போக வேண்டும். ஹீட்டர் போட்டால் அடுப்பு, போடாவிட்டால் பனிக்கட்டி. பின்கண்ணாடி ஓரத்தில் ஒழுகும். கிளப்பும்போது தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இரண்டு முறை கத்திவிட்டுத்தான் கிளம்பும் என்பதால் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தோம்.

தவளையில் நெவேனாவோடு இரண்டு பேர் போனார்கள். ஒருத்தி தோன்கா அக்கா, பணி ஓய்வுக்குக் காத்திருப்பவள், பின்னால் ஏறியதும் தூங்கிவிடுவாள். இன்னொருத்தி செவ்தா. கீழத்தெருத் துருக்கியர் வீட்டுப் பெண், பூச்சு வேலை செய்யும் ரெஜெப்பின் மனைவி. தொழிற்சாலையில் அவள் அளவுக்கு வேகமாகத் தைக்கிற கை வேறு இல்லை. வளைவுத் தையல் என்றால் மேற்பார்வையாளர் புதிதாக வருகிறவர்களை அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பார் என்பார். வாய்க்கும் அதே வேகம். பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று முன்னிருக்கை அவளுக்கு.

அந்தப் பயணத்தில் அவர்கள் சிரித்த சிரிப்பைத் தோன்கா அக்கா பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் நல்ல மழை. செவ்தா திரும்பிப் பார்க்காமலே கேட்டாளாம்:

"அக்கா, பின்னாடி மழை எப்படி?"

"இங்க கொட்டுது. வெளிய நின்னுடுச்சான்னு பாத்துச் சொல்லு, இறங்கி நிக்கறேன்."

வீட்டில் வாயைத் திறக்காத நெவேனா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணில் நீர் வரச் சிரிப்பாளாம். காலையில் யாராவது பனிட்சா சுட்டுக் கொண்டுவருவார்கள். பாலாடைக்கட்டி ஒழுக ஒழுகத் தின்றுகொண்டே போவார்கள். நெவேனா வேகமாக ஓட்டுகிறவள் இல்லை. டிராக்டர்கூட அவளை முந்திப் போகும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், போகட்டும், அவனுக்கு வயிற்று வலி என்பாள் செவ்தா.

இலையுதிர் காலம் வந்தது. குளிர்கால டயர் மாற்றியாக வேண்டிய நேரம். தவளைக்கு இருந்தது வழுக்கைக் கோடை டயர். நெவேனா கூடுதல் நேரம் நின்று தைத்துச் சேர்த்த பணத்தை க்ராசிமிர் கையில் கொடுத்து, எனக்கு நல்ல டயர் போட்டுக் கொடு, அந்தப் பாப்லர் மரத்து வளைவில் ஈரம் விழுந்தால் பயமாக இருக்கிறது என்றாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டிச் சாமான் தெரியாது. அது அவன் பொறுப்பு என்று அவர்களுக்குள் எப்போதும் ஏற்பாடு.

அவன் ருசேக்குப் போய்வந்தான். மறுநாள் பார்த்தால் கறுப்புக் காருக்குப் பளபளவென்று புதுச் சக்கரம், புது டயர். எதிர்வீட்டில் இருக்கிற நான் பார்க்காமல் எப்படி இருப்பேன்? அதற்கும் அடுத்த நாள், ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, டப்பாவிலிருந்து எதையோ தொட்டுத் தவளையின் டயர்களுக்குப் பூசிக்கொண்டிருந்தான். பரவாயில்லை, ஒருவழியாக இவளுக்கும் ஏதோ செய்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். பூசி முடித்ததும் டயர்கள் நான்கும் புதுச் செருப்பு மாதிரி மின்னின.

திங்கட்கிழமை காலையில் செவ்தா வந்து பார்த்துவிட்டு, "என்னடி, தவளைக்குக் கல்யாணமா?" என்றாள். நெவேனா வெட்கப்பட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்றாள்.

நவம்பர் முடிவதற்குள் அது நடந்தது. வேலை முடிந்து திரும்பும் நேரம், பிற்பகல், பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. தூறல். பாப்லர் இலைகள் சாலை முழுக்க ஒட்டிக் கிடந்தன. வளைவுக்கு முன்பே நெவேனா வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த பால் லாரி பொறுமையில்லாமல் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. வளைவில் அவள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்; வண்டி திரும்பவில்லை. பிரேக்கைத் தொட்டாள், எண்ணெயில் விட்ட தட்டு மாதிரி நேராக வழுக்கிக்கொண்டு போய், செவ்தா உட்கார்ந்திருந்த வலது பக்கம் மரத்தில் மோதியது.

தூங்கிக்கொண்டிருந்த தோன்கா அக்கா கண் விழித்தது மோதலுக்குப் பிறகுதான். விலா எலும்பில் வலி. நெவேனாவுக்குப் புருவம் கிழிந்திருந்தது. செவ்தாவின் வலது கை கதவுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தது. லாரிக்காரன் இறங்கி ஓடிவந்து, கடப்பாறையால் நெம்பி, அந்தக் கையை எடுத்துவிட்டான். அவள் கத்தவில்லை என்கிறாள் தோன்கா அக்கா. கையைப் பார்க்கவும் இல்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, குளிருது, குளிருது என்று மட்டும் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். நெவேனா க்ராசிமிரை அழைத்தாள். இடம் ஊருக்குப் பக்கம்தான். அவன் உடனே வந்துவிட்டான். அதைக் குறை சொல்ல முடியாது. செவ்தாவைத் தூக்கி உன் காரில் போடு, ருசேக்குப் போகலாம் என்றாள் நெவேனா. லாரிக்காரன் செவ்தாவை ஏற்கெனவே தோளில் சாய்த்து நிறுத்தியிருந்தான். கையில் சுற்றியிருந்த சட்டையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றான் க்ராசிமிர்.

காரின் பின்பக்கத்தைத் திறந்து, உரமூட்டை மூடுகிற பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து உதறினான். பின்னிருக்கையில் விரித்தான். ஒரு பக்கம் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி இழுத்து, இருக்கை இடுக்கில் சொருகினான். கதவோரத் தோலும் மறையும்படி இன்னொரு மடிப்பை எடுத்துவிட்டான். செவ்தா தன் கண்ணுக்கு முன்னால் அவன் அதைச் செய்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூறல் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கடைசி மூலையை அவன் சொருகிக்கொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க. அதுல போறதுதான் நல்லது" என்று சொல்லி விரிப்பை மடித்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு போலீஸ் வந்தது. அதற்கு முன்பே அவன் நெவேனாவை மரத்துக்குப் பின்னால் அழைத்துப்போய், நாய் குறுக்கே வந்தது என்று சொல், நாய்க்காக ஒடித்தாய், வண்டி வழுக்கிவிட்டது, அவ்வளவுதான், இல்லையென்றால் உன்னை உள்ளே வைத்துவிடுவார்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவளுக்கு அப்போது புருவத்திலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் கேட்டபோது நாய் என்று சொன்னதே க்ராசிமிர்தான். அவள் தலையை ஆட்டினாள். எழுதிக்கொண்டு போனார்கள்.

செவ்தாவின் கையில் மூன்று தடவை கத்தி வைத்தார்கள். கை பிழைத்தது. ஆனால் கட்டைவிரலும் அடுத்த விரலும் தவிர மற்றவை மடங்கவில்லை. தைக்கிறவளுக்கு அது கையே இல்லை.

நெவேனா தினமும் யார் வண்டியிலாவது ஏறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோழிச் சூப் வைத்துக் கொண்டுபோவாள், செவ்தாவுக்குத் தலைவாரி விடுவாள், ரெஜெப் வேலைக்குப் போன நேரத்தில் குழந்தைகளுக்குச் சமைத்து வைப்பாள். விபத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒரு நாள் செவ்தாவே ஆரம்பித்தாள். இதை நெவேனா என்னிடம் சொன்னபோது, நடுவில் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோய், அணைந்திருந்த அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்து போயிருந்தார்கள். நாய் குறுக்கே வந்தது என்றால் ஓட்டியவர் மேல் தப்பில்லை, தப்பில்லை என்றால் நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம் என்று செவ்தாவிடம் விளக்கியிருக்கிறார்கள். நாளைக்கு அவளிடமும் வாக்குமூலம் வாங்க ஆள் வருகிறது.

"நெனா, அது என்ன கலர் நாய்?" என்று கேட்டாள் செவ்தா.

நெவேனா கையிலிருந்த சீப்பு பாதி முடியில் நின்றது.

"இல்ல, கேப்பாங்கல்ல. நான் முன்னாடிதான உக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. கலர் சொல்லு, நானும் அதையே சொல்லிடறேன். நீ உள்ள போயி நான் என்ன பண்ணப் போறேன்?"

கேலியாகச் சொல்லவில்லை அவள். உண்மையாகவே கேட்டாள், தோழிக்காகத் தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் கேட்டாள். நெவேனா கையிலிருந்த சீப்பைப் படுக்கையில் வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்து வந்துவிட்டாள்.

அதே நாள் மாலையில் ரெஜெப் எங்கள் தெருவுக்கு வந்தான். நொறுங்கின தவளையை இழுத்துவந்து பழைய இடத்திலேயே, அக்ரூட் மரத்தடியில் போட்டிருந்தார்கள். ரெஜெப் உயரமான, வாய் பேசாத ஆள். செவ்தாவின் கைப்பை காரில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தான். சீட்டுக்கு அடியில் தேடிவிட்டு எழுந்தவன், முன்சக்கரத்தின் பக்கத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். மழையில் பூச்சு கரைந்து போயிருந்தது. டயர் முழுக்க வெடிப்பு, வறண்ட களிமண் தரை மாதிரி. பக்கவாட்டில் ஒரு இடத்தில் நீல வண்ணம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அந்த நீலம் அவனுக்குத் தெரிந்த நீலம். அவன் தெருவில் மித்கோ என்று ஒருவன், குதிரை வண்டியில் பழைய இரும்பு பொறுக்குகிறவன். தன் வண்டிச் சக்கரங்களுக்கு அடிக்கிற நீலம் அது.

ரெஜெப் அங்கிருந்து நேராக மித்கோவிடம் போனான். மித்கோ ஒளிக்கவில்லை. ஆமாம், என் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன், எடை மேடைக்காரன் கேட்டான் என்றான். வரி இருந்தாலும் ரப்பர் செத்துப்போனது, இது குதிரைக்குத்தான் ஆகும், காருக்கு ஆகாது என்று சொல்லியும் பார்த்தேன், சும்மா பக்கத்தில் போய்வரத்தான் என்று எடுத்துக்கொண்டு போனான் என்றான்.

ரெஜெப் திரும்பி வந்து க்ராசிமிரின் வேலிக் கதவைத் தட்டினான். அன்று எனக்கு விடுப்பு, என் வாசலில்தான் நின்றிருந்தேன். தெருவே கேட்டது. ஆனால் ரெஜெப் சத்தம் போடவில்லை.

"குதிரை வண்டி டயரையா போட்டீங்க?" என்றான்.

"டயர்னா டயர்தான்" என்றான் க்ராசிமிர். "காத்து நின்னுதா இல்லையா? இத்தனை நாள் ஓடுச்சா இல்லையா? ஓட்டத் தெரிஞ்சவ ஓட்டியிருந்தா வீடு வந்து சேந்திருக்கும். என்னை வந்து கேக்காத. வண்டி அவ பேர்ல இருக்கு."

நெவேனா அவனுக்குப் பின்னால், சமையலறை வாசற்படியில் நின்று இதைக் கேட்டாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. ரெஜெப் அவளைப் பார்த்தான். அவளுக்குத் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது என்று அவன் பிறகு சொன்னான். வேலிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே அவர்களுக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு முழுக்கத் தெரியாது. நான் கொடுத்த பணம் எங்கே என்று அவள் கேட்டதற்கு, அவன் தகரக் கூரைக்குக் கீழே நின்ற கறுப்புக் காரைக் காட்டி, இது நமக்குப் பொதுதானே என்றானாம். இது ஒன்றை மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை நெவேனா வேலைக்குப் போகவில்லை. என் மைத்துனன் வேனில் ஏறி ருசேக்குப் போய், விசாரணை அதிகாரியின் அறைக்கு வெளியே காத்திருந்தாள். இளவயது ஆள், மரியாதையாகப் பேசினார் என்றாள். நாய் எதுவும் வரவில்லை, டயர் இப்படி, என் வீட்டுக்காரர் இப்படிச் செய்திருக்கிறார், எனக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வண்டி உங்க பேர்லதான இருக்கு?"

"ஆமா."

"ஓட்டினதும் நீங்க."

"ஆமா."

"அப்ப டயரைப் பாத்துட்டு எடுக்க வேண்டியதும் நீங்கதான், அம்மா. சட்டம் அப்படித்தான் இருக்கு. யார் மாட்டினாங்கன்னு அது கேக்காது. இதை எழுதட்டுமா, யோசிச்சுட்டு வர்றீங்களா?"

எழுதுங்கள் என்றாள்.

வழக்கு கோடைக்குப் பிறகுதான் வந்தது. க்ராசிமிரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கோட்டு போட்டுக்கொண்டு போனான். டயர் விஷயம் எனக்குத் தெரியாது, என் மனைவி தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வாள், சம்பாதிக்கிறவள், சுதந்திரமானவள் என்றான். மித்கோவை வரச் சொல்லி நெவேனா அவன் குடிசைக்கே போய்க் கேட்டிருந்தாள். அவன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே, "அக்கா, நான் அங்க வந்து சொன்னா, டயரை எங்க திருடினேன்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றான். அவள் வற்புறுத்தவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

செவ்தாவும் சாட்சி சொன்னாள். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். நெவேனா மெதுவாகத்தான் ஓட்டினாள், எப்போதுமே மெதுவாகத்தான் ஓட்டுவாள் என்றாள். நாய் பற்றிக் கேட்டார்கள். நான் பார்க்கவில்லை என்றாள்.

அபராதம் விதித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு நெவேனா வண்டி ஓட்டக் கூடாது என்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிறை இல்லை என்பதால், நல்லபடியாக முடிந்தது என்று வக்கீல் கைகொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் நெவேனா செவ்தாவிடம் போனாள். நான் கூடவே இருந்தேன். மழை வரும்போல் இருந்தது. ரெஜெப் கொஞ்சம் தள்ளி நின்று சிகரெட் சுற்றிக்கொண்டிருந்தான். நெவேனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செவ்தா இடது கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"நீ மெதுவாத்தான் ஓட்டின. அதை உள்ள சொல்லிட்டேன்."

"செவ்தா..."

"உன் புருஷன் அந்தப் பிளாஸ்டிக்கை விரிச்சப்ப நீ பக்கத்துலதான் நின்ன. பிடுங்கி எறியலை. ஆஸ்பத்திரில எனக்குத் தலை வாரிவிட்ட, அத்தனை நாளும் அந்த நாயை வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு வாரிவிட்ட. கையை நான் மறந்துருவேன், நெனா. கை போயிடுச்சு. இது போக மாட்டேங்குது."

அவ்வளவுதான். அவள் குரல் உயரவே இல்லை. ரெஜெப் வந்து அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டான், அவளால் ஒற்றைக் கையால் போட முடியாது. இருவரும் தெருமுனைப் பக்கம் போனார்கள். நெவேனா அதே படியில், என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை, ஸ்தாங்கா என்றாள் என்னிடம்.

அதற்குப் பிறகு நெவேனா மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு எங்கள் வேனில் வந்தாள். வேனில் ஏற அவள் வாசலில் நிற்கும்போது க்ராசிமிர் மதியச் சாப்பாடு முடித்துக் கறுப்புக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு கிடங்குக்குக் கிளம்புவான். ஒரு நாள்கூட ஏறிக்கொள் என்று சொன்னதில்லை. அவளும் அந்தக் காருக்குள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனிச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். தவளையை இரும்புக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் புல் முளைத்ததும் க்ராசிமிர் வெட்டிச் சுத்தம் செய்தான்.

ஊர் என்ன சொன்னது என்று கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. காப்பிக் கடையில் க்ராசிமிர், பெண்டாட்டிக்குக் கார் வாங்கிக் கொடுத்தேன், ஒரு வருஷத்தில் மரத்தில் கொண்டுபோய்ச் சாத்தினாள், அதற்கும் கோர்ட்டில் என் பெயரை இழுத்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் ராக்கியாச் சாராயத்தை உறிஞ்சியபடி தலையாட்டினார்கள். மித்கோவின் டயர் கதை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டினார்கள். கறுப்புக் காரில் அவர்களை அவன் அவ்வப்போது ருசேக்கு அழைத்துப்போய் வருவான்.

இன்ஷூரன்ஸ் பணம் செவ்தாவுக்குக் கடைசியில் வந்தது. நெவேனா உண்மையைச் சொன்னதால்தான் வந்தது. அதில் கை வைத்தியத்துக்குப் போனது போக, அவர்கள் முதலில் வாங்கியது ஒரு கார். பழைய கார்தான், தவளையைவிடக் கொஞ்சம் இளையது. கைப்பயிற்சிக்கு வாரம் தோறும் ருசேக்குப் போக வேண்டியிருந்தது, பஸ் கிடையாது, வேறு என்ன செய்வார்கள்? ரெஜெப் ஓட்டுவான். ஏறுவதற்கு முன்பு செவ்தா காரைச் சுற்றி நடந்து, நான்கு டயரையும் குனிந்து இடது கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். கீழத்தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்து அவளைப் போலவே நடித்துக் காட்டுவார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

மறுவருஷம் பிப்ரவரியில், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஷிஃப்டு முடிந்ததும் நெவேனா வேனில் ஏறவில்லை. நீங்கள் போங்கள் என்றாள். கையில் ஒரு பை மட்டும் இருந்தது. தோன்கா அக்காவின் உறவுக்காரி ஒருத்தி ருசேயில் அறை வாடகைக்கு விட்டிருந்தாள், அங்கே போய்விட்டாள். தொழிற்சாலைக்கு நகர பஸ்ஸில் வருகிறாள். க்ராசிமிர் அவளைத் தேடிப் போகவில்லை. அவள் துணிமணியை நான்தான் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போதும் என் மெஷினுக்கு இரண்டு வரிசை முன்னால் அவள் இருக்கிறாள். செவ்தாவின் இடத்தில் ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். வளைவில் தையல் கோணிக்கொண்டு போகிறது, மேற்பார்வையாளர் தினமும் திட்டுகிறார், நெவேனா பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள். அவள் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று போலீஸ் அலுவலகத்திலிருந்து போன வருஷமே சொல்லிவிட்டார்கள். போய் வாங்கு, ஒரு சின்ன வண்டி பார்க்கலாம், என் மைத்துனன் பார்த்துத் தருவான் என்று நான்கூடச் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். இதுவரை போகவில்லை.